அம்மாடியோவ் துபாய்! ஷாப்பிங் திருவிழாவுக்குக் கிளம்பும் முன் இதெல்லாம் தெரியுமா?

ஓர் ஊரே சேர்ந்து 38 நாள் தள்ளுபடி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? துபாய் ஷாப்பிங் திருவிழா 30ஆவது முறையாக நடந்தபோது, 2024 டிசம்பர் 6 முதல் 2025 ஜனவரி 12 வரை அதுதான் நடந்தது! முதல் திருவிழா எப்போது தெரியுமா? 1996இல்! அப்போது புர்ஜ் கலீஃபா இல்லை, மெட்ரோ இல்லை, துபாய் மாலும் இல்லை!

பாலைவன ஊராச்சே, வெயில் வறுத்தெடுக்குமே என்கிறீர்களா? திருவிழாவே குளிர்காலத்தில்தான்! டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி பக்கம் இறங்கிவிடும். பெட்டியில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள் தெரியுமா? ஆமாம், போதைப்பொருள் கணக்கில் சேர்ந்துவிடும்! மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். வெற்றிலைக்கும் தடை! கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். அங்கிருக்கும் அக்காவுக்கு ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள்!

நம்மூர் சார்ஜர் அங்கே சுவரில் ஏறாது, தெரியுமா? அங்கெல்லாம் சதுர முள் மூன்று கொண்ட பிரிட்டன் பாணி பிளக்! ஓர் அடாப்டர் போதும்.

விமான நிலையத்தில் டாக்ஸி ஏறி உட்கார்ந்ததுமே மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்கும்! அதே துபாயில் 1 திர்ஹாமுக்கும் பயணம் உண்டு தெரியுமா? தேரா கரையிலிருந்து பர் துபாய் கரைக்குக் கழிமுகத்தைக் கடக்கும் மரப்படகு, அப்ரா! சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று, இரு கரையிலும் பழைய கடைவீதிகள், பறந்து வரும் கடற்பறவைகள்... அத்தனையும் ஒரே திர்ஹாமுக்கு! என்னைக் கேட்டால் துபாயின் உண்மையான தள்ளுபடி இதுதான்.

படகிலிருந்து தேரா கரையில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் தங்கச் சந்தை! இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகின் மிகப் பெரிய தங்க மோதிரம் இங்கேதான் இருக்கிறது! அதன் எடை என்ன தெரியுமா? கிட்டத்தட்ட 64 கிலோ! கற்கள் மட்டும் 5 கிலோவுக்கு மேல். மீதி 58 கிலோவுக்கு மேல் 21 காரட் தங்கம்! பவுனில் கணக்குப் போட்டால் 7,300ஐத் தாண்டுகிறது! எந்த விரலுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். கின்னஸ் சான்றிதழோடு கடை வாசல் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது, படம் எடுக்கக் காசு இல்லை!

இதற்கே வாய் பிளந்தால் எப்படி? திருவிழாவின் 20ஆம் ஆண்டில், 2015 ஜனவரியில், ஒரு தங்கச் சங்கிலி செய்தார்கள். நீளம் 5 கிலோமீட்டருக்கும் மேல்! எடை 256 கிலோ! அதாவது 32,000 பவுன்! செய்து முடித்து என்ன செய்தார்கள் தெரியுமா? துண்டு துண்டாக வெட்டி, முன்பதிவு செய்த மக்களுக்கு விற்றுவிட்டார்கள்! உலக சாதனையின் ஒரு துண்டு யார் யார் கழுத்திலோ, கையிலோ!

சரி, நாம் வாங்கப் போனால்? கடை கடையாக ஏறி இறங்கித் தங்க விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அன்றைய கிராம் விலை ஊர் முழுக்க ஒன்றுதான், பலகையில் எழுதியிருக்கும்! பேரம் எங்கே தெரியுமா? செய்கூலியில்! திருவிழாத் தள்ளுபடியும் பெரும்பாலும் அதில்தான். அங்கே பவுன் பேச்சு கிடையாது, எல்லாமே கிராம். 22 காரட்டா, 21 காரட்டா என்று கேட்டு, ரசீதில் எடையும் செய்கூலியும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். மதியம் போய்விடாதீர்கள், பழைய சந்தையில் பல கடைகள் மதியத்தில் பூட்டிக்கொண்டு மாலையில்தான் திறக்கும்!

இன்னொரு விஷயம். இந்திய விதிப்படி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய நகை, ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம். நான்கு நாள் சுற்றுலா போனவருக்கும் இந்தச் சலுகை உண்டா? கிடையவே கிடையாது! ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குத்தான்!

துபாய் மாலுக்கு மெட்ரோவில் போகிறீர்களா? நிலையத்தில் இறங்கியதும் மால் வந்துவிடாது! குளிரூட்டிய நடைபாலம் ஒன்று நீளும், 820 மீட்டர்! பக்கத்தில் நிற்கும் புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர்! உலகின் உயரமான கட்டடத்தைப் படுக்கவைத்து அதன்மேல் நடந்தது போலத்தான்! நகரும் பாதை உண்டு, கவலை வேண்டாம். நல்ல செருப்பு மட்டும் அவசியம். உள்ளே 1,200 கடைகளுக்கு மேல்! 1 கோடி லிட்டர் நீர் பிடிக்கும் மீன் தொட்டியும் உண்டு! டிக்கெட் வாங்காமலே வெளியில் நின்று சுறாவைப் பார்க்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மெட்ரோ ரயிலை ஓட்டுவது யார் தெரியுமா? யாருமே இல்லை! ஆனால் உள்ளே ஒரு முறுக்கைக் கடித்துவிட்டால் 100 திர்ஹாம் அபராதம்! சூயிங்கம் மென்றாலும் 100! பெண்கள், குழந்தைகள் பெட்டியில் ஆண்கள் கால் வைத்தாலும் 100! தரையில் போட்டிருக்கும் இளஞ்சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள்.

டிராகன் மார்ட் என்ற கடைத்தொகுதி எத்தனை நீளம் தெரியுமா? 1.2 கிலோமீட்டர், அதுவும் டிராகன் வடிவில்!

14ஆம் நூற்றாண்டுப் பயணி ஒருவரின் பெயரிலேயே ஒரு மால் உண்டு, தெரியுமா? இபின் பதூதா மால்! சீனா, இந்தியா, பாரசீகம், எகிப்து, துனிசியா, அந்தலூசியா என ஆறு நாட்டு அலங்காரம்! அவருக்கும் நமக்கும் என்ன உறவு? மதுரைக்கே வந்தவர் ஐயா! அப்போதைய மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை!

நம்மூர் இட்லிக்கு மனம் ஏங்குகிறதா? கராமா என்ற பகுதிக்குப் போங்கள். சரவண பவன் வெளிநாட்டில் திறந்த முதல் கிளையே 2000இல் துபாயில்தான்!

காரும் தங்கமும் பரிசு தரும் குலுக்கல்கள் திருவிழாவில் ஏராளம். "நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள்" என்று போன் வருகிறதா? அப்படியே வைத்துவிடுங்கள்!

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரி திரும்பி வரும், தெரியுமா? 2018இல் வந்த வாட் வரி 5 சதவீதம். ஒரே ரசீதில் குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்கி, கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்திருந்தால், அந்த வரியில் 85 சதவீதம், சிறு கட்டணம் போக, கைக்கு வரும்! எல்லாரும் கோட்டைவிடுவது எங்கே? பெட்டியை விமானத்தில் போட்ட பிறகு போய்க் கேட்கிறார்கள்! பெட்டி கையில் இருக்கும்போதே விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தரும் கவுன்டருக்குப் போய்விட வேண்டும்.

போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, உருண்டையாக ஒரு மூட்டை போடுவோமே? துபாய் விமான நிலையத்தில் அது ஏறாது! உருண்டைச் சாமான்கள் பெல்ட்டில் சிக்கிக்கொள்கின்றன என்று 2017இலேயே விதி போட்டுவிட்டார்கள். ஒரு பக்கமாவது தட்டையாக இருந்தே ஆக வேண்டும்! இல்லாவிட்டால் அங்கேயே காசு கொடுத்து, மூட்டையைப் பிரித்து, அட்டைப்பெட்டியில் திரும்பக் கட்ட வேண்டியதுதான்!