ரயிலடிக்கு வந்தவர்கள் – 14: மசூலாப் படகில் மூன்று பேர்

போன வாரம் ஐடா ஸ்கடரோடு நிறுத்தியிருந்தேன். ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து, 1900 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியா திரும்பி, வேலூரில் வைத்தியம் தொடங்கிய கதை. நம் பக்கத்தில் அது எல்லாருக்கும் மனப்பாடம். எழுதி முடித்த பிறகு எனக்கே ஓர் உறுத்தல்: பதின்மூன்று வாரமாக ஜெயித்தவர்களின் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்து, தோற்று, போனவர்களும் இருக்கிறார்களே?

இந்த வாரம் அவர்களுக்கு.

சென்னையிலோ பெங்களூரிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ஒரு கறுப்பு பேட்ஜ். எப்போதும் ஜோடியாகத்தான் வருவார்கள். வயது பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். பேட்ஜில் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்று போட்டிருக்கும். எல்டர் என்றால் மூப்பர். மீசை அரும்பாத பையனுக்கு இந்தப் பட்டம்! ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அவர்களுடைய சபையின் முழுப் பெயர். உலகம் மார்மன் என்று கூப்பிடுகிறது. அவர்களோ அந்தச் செல்லப்பெயர் இனி வேண்டாம் என்கிறார்கள். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது.

அந்தப் பையன் எந்த ஊருக்குப் போவது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. சபை சொல்லும் ஊருக்குப் போக வேண்டும். ஆணுக்கு இரண்டு ஆண்டு, பெண்ணுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது, செலவுக்குச் சொந்தச் சேமிப்பும் குடும்பத்தின் பணமும்தான் பெரும்பாலும். பயிற்சிப் பள்ளியில் சில வாரம் இருந்துவிட்டு, முன்பின் பார்த்திராத ஊரில், முன்பின் பார்த்திராத ஒரு கூட்டாளியோடு அறையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டாளி சில மாதம் சீனியர், அவன்தான் வழிகாட்டி. கூட்டாளியை விட்டுத் தனியாக எங்கும் போகக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். 2019 பிப்ரவரி வரை வீட்டோடு பேச வருடத்துக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். மற்ற வாரங்களில் மின்னஞ்சல்தான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். முதல் வாரம் அம்மாவிடம் என்ன பேசுவான் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் சாப்பாடும் வெயிலுமாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் அவர்களுடைய மிஷன் 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ரயிலில் மாற்றலாகிப் போகிற எல்டர் யாராக இருந்தாலும் நம் அரக்கோணம் ஜங்ஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களில் இந்தியப் பையன்களும் உண்டு. தெலுங்கு மட்டும் தெரிந்தவனுக்குத் தமிழ்நாடும் வெளிநாடுதானே.

ஆனால் நம் பக்கத்துக்கு வந்த முதல் எல்டர்கள் ரயிலில் வரவில்லை. அவர்கள் வந்தபோது இங்கே ரயிலே இல்லை.

1852 ஆகஸ்ட் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு கூடியது. சபைத் தலைவர் பிரிகாம் யங் தலைமையில் ஏறத்தாழ நூறு பேரின் பெயரைப் படித்து, எந்த நாட்டுக்கு யார் என்று அறிவித்தார்கள். ஹிந்துஸ்தானத்துக்கு ஒன்பது பேர். பணம் கொண்டுபோகக் கூடாது, போகிற வழியில் கிடைப்பதைக் கொண்டு பிழைக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். கலிபோர்னியா வரை வண்டியிலும் குதிரையிலும் போனார்கள். அங்கிருந்த சக விசுவாசிகள் கப்பல் கட்டணத்துக்குக் கை கொடுத்தார்கள். சயாம் போக வேண்டிய நால்வரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் 1853 ஜனவரி கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார்கள். கப்பலின் பெயர் ‘மான்சூன்’. கல்கத்தா வந்து சேர்ந்தது ஏப்ரல் கடைசியில். மழையின் பெயர் வைத்த கப்பலில் வந்து சித்திரை வெயிலில் இறங்கினார்கள்.

கல்கத்தாவில் கூடி ஆளுக்கொரு திசை பிரித்துக்கொண்டார்கள். மதராஸ் விழுந்தது மூவருக்கு: ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், வயது 35. சால்ட் லேக்கில் 1849-இல் தன் வீட்டிலேயே ஞாயிறு பள்ளி தொடங்கியவர். ஸ்கெல்டன் முப்பதைத் தொடாதவர்.

1853 ஜூலை 24. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கு வர மசூலாப் படகுதான். ஆணியே அடிக்காமல், பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது பலகை உடையாது, வளைந்து கொடுக்கும். கவர்னராக வருகிறவரும் அதில் நனைந்துகொண்டுதான் இறங்க வேண்டும். மூன்று மார்மன்களும் அப்படித்தான் வந்திருப்பார்கள். கையில் காசு இல்லை, தெரிந்த வீடு ஒன்றும் இல்லை.

தமிழும் இல்லை. மற்றதெல்லாம் எப்படியோ சமாளிக்கக் கூடியது; சிக்கல் இதில்தான் இருந்தது.

தமிழ் தெரியாதவனுக்கு அன்றைய மதராஸ் எவ்வளவு பெரிய ஊர்? கோட்டை, அதைச் சுற்றி இருந்த வெள்ளைக்கார வீடுகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பட்டாளக்காரர்கள். அவ்வளவுதான். பாலன்டைனும் அவர்களைத்தான் நாடினார். துண்டுப்பிரசுரம் அச்சடித்தார், 1854-இல் மதராஸிலிருந்தே ஒரு மாத இதழும் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலம். ‘மார்மனியம் என்றால் என்ன?’ என்று கேட்டு இங்கிருந்த பாதிரியார் ஒருவர் பிரசுரம் வெளியிட, இவர் அதற்கொரு பதில் பிரசுரம் போட்டார். அக்கப்போர் முழுக்க ஒரே மொழிக்குள், ஒரே சிறு வட்டத்துக்குள். பிளாக் டவுனில் காய்கறி விற்ற அம்மாளுக்கு இந்தச் சண்டை நடந்ததே தெரிந்திருக்காது.

அந்தச் சிறு வட்டத்திலும் கதவுகள் சாத்திக்கொண்டன. காரணம் அவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உருவாகிவிட்டது. இவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான், பலதார மணம் எங்கள் சபையின் கொள்கை என்று மார்மன்கள் முதல்முறையாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எல்டர் வாய் திறக்குமுன் கேட்பவரின் முதல் கேள்வி அதுவாக இருந்தது. (அந்த வழக்கத்தைச் சபை 1890-இல் கைவிட்டது. ஏறத்தாழ நாற்பது வருஷம் தாமதம்.) பட்டாளத்தாரிடம் பேசலாமென்றால் கன்டோன்மென்ட் வாசலில் அனுமதி வேண்டும். பூனாவில் ஹியூ ஃபின்ட்லே என்ற எல்டரைக் கன்டோன்மென்ட்டை விட்டே வெளியேறச் சொன்னார்கள்.

பாலன்டைனின் உடம்பு ஒரு வருடம்தான் தாங்கியது. 1854 ஜூலையில் கப்பலேறினார். ஸ்கெல்டன் மேலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, 1856-இல் இந்தியாவை விட்டுப் போனார். அந்த ஒன்பது பேரில் கடைசியாகப் போனவர் அவர்தான். அதே வருடம் ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது, அரக்கோணம் வழியாக.

இனி கதையின் மறுபாதி. மூன்று எல்டர்கள் அலையில் நனைந்து இறங்கிய அதே 1853-இல், மதராஸுக்கு மேற்கே இன்னும் மூன்று அமெரிக்கர்கள் ‘ஆற்காடு மிஷன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அண்ணன் தம்பிகளான ஹென்றி, வில்லியம், ஜோசப் ஸ்கடர். ஐடாவின் பெரியப்பாக்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று பரவியது இந்த மிஷன்தான்.

ஹென்றி பிறந்தது 1822-இல், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். அவர் அப்பா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நோயாளி வீட்டில் கண்ணில் பட்ட ஒரு பிரசுரத்தைப் படித்துவிட்டு 1819-இல் குடும்பத்தோடு கப்பலேறினார். அவருக்கும் முதல் நாட்கள் இருந்தன, அவை கொடியவை: கல்கத்தாவில் இறங்கிய சூட்டிலேயே கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். பிறகு பண்டத்தரிப்பில் உட்கார்ந்து தமிழ் படித்தார். அந்த உழைப்பின் வட்டியைத்தான் முப்பது வருடம் கழித்துப் பிள்ளைகள் ஆற்காட்டில் வாங்கினார்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்ப்பாலோடு வந்ததென்று எழுதிவிட ஆசைதான். ஆனால் ஹென்றியைப் பத்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள், 1844-இல்தான் திரும்பினார். இடையில் எவ்வளவு மறந்திருக்குமோ! அது போக, யாழ்ப்பாணத்துப் பேச்சு ஆற்காட்டுக் கடைத்தெருவில் எப்படிக் கேட்டிருக்கும்? இந்தப் பக்கமோ வெறும் தமிழ்ப் பக்கமும் அல்ல. நவாபின் ஊர் ஆற்காடு. வேலூரிலும் ஆம்பூரிலும் உருது. அரக்கோணத்துக்கு வடக்கே நான்கு ஸ்டேஷன் தாண்டினால் தெலுங்கு. இருந்தாலும் பிறந்த மண்ணின் வாடை நாக்கில் எங்கோ ஒட்டியிருக்கும்தானே. சகோதரர்கள் தொடக்கத்தில் போட்டுக்கொண்ட விதி என்னவென்றால், ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, மக்களின் மொழியில் பிரசங்கம் மட்டுமே. இன்று அந்த மிஷனை நாம் நினைப்பதே பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் என்பது வேறு விஷயம்.

மொழி மட்டும் போதுமாயிருந்தது என்றும் சொல்ல மாட்டேன். சேர்கிறவனைச் சாதி தள்ளிவைக்கும், வேலை போகும், பெண் கொடுக்க மாட்டார்கள். ஒற்றை ஆளாக அதைத் தாங்க யாரால் முடியும்? 1860-களில் ஆற்காடு மிஷன் தனி ஆட்களை விட்டுவிட்டுச் சேரியில் பல குடும்பங்களாக ஒன்றாகச் சேர்ந்து வருகிறவர்களை ஏற்கத் தொடங்கியது. அவர்களோடு இருக்க ஓர் உபதேசியாரை வைத்தது. மார்மன்களிடம் வைக்க ஆள் ஏது? வேலை கொடுப்பீர்களா, சம்பளம் உண்டா என்று கேட்டு வந்தவர்களைப் பார்த்து வங்காளத்து எல்டர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சலிப்பு நியாயமாகப் படவில்லை. எல்லாவற்றையும் இழக்கப் போகிறவன் நாளைக்குச் சோறு எங்கே என்று கேட்டால் அது பேராசையா?

ஸ்கெல்டன் போய் ஏறத்தாழ நூறு வருடம் தமிழ்நாட்டில் அந்தச் சபையின் பேச்சே இல்லை. 1954-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் ஒரு மார்மன் பிரசுரம் கிடைத்தது. ஜான் ஸ்கடருக்குக் கிடைத்தது போலவே ஒரு பிரசுரம். இவர் கப்பலேறவில்லை, சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது, புத்தகம் வந்தது. ஞானஸ்நானம் கொடுக்க ஆள் வரத்தான் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1965-இல் அது நடந்தது. அதற்குள் அவர் அக்கம்பக்கத்தாருக்குத் தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கியிருந்தார். அந்தச் சபையின் வேதமான மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் அச்சானது 1982-இல். பாலன்டைன் மசூலாப் படகிலிருந்து இறங்கி 129 வருடம் கழித்து.

(தொடரும்)