திருநெல்வேலிக் கிணறும் குசினி வடிகட்டியும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே, பல்கலைக்கழகத்தைச் சுற்றிய தெருக்களிலும் சந்தையை அடுத்த ஒழுங்கைகளிலும் இன்று புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுவோரில் அநேகர், குசினிச் சுவரில் நீர் வடிகட்டி ஒன்றை மாட்டிய பின்னரே அடுப்பை மூட்டுகின்றனர். எதற்கு அஞ்சி மாட்டினீர்கள் என்று விசாரித்தால், கேத்திலின் அடியில் கட்டியாகும் வெள்ளைப் படிவையும், தேநீரின்மேல் மிதக்கும் ஏட்டையும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதையுமே காரணமாகச் சொல்வர். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்ததாகையால், மழைநீர் அக்கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கல்சியத்தைச் சுமந்தபடி நமது வாளிக்கு வந்து சேர்கிறது. அது கேத்திலுக்குப் பகையே ஆயினும், தேகாரோக்கியத்தின் நிமித்தம் அதற்கென ஓர் எல்லையை உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இந்த வெண்மையைப் பற்றிய பயம், கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாத நைத்திரேற்றை நமது சிந்தையிலிருந்து மறைத்துவிட்டதே என்பதுதான் என் விசாரம்.

திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களிலே, துலா மிதித்து நீரிறைத்து, குழை தாழ்த்தி, மாட்டெரு இட்டுப் பயிர் செய்த காலம் போய், நீரிறைக்கும் யந்திரமும் யூரியாவும் வந்து, வெங்காயத்தின்பின் மிளகாயும் மிளகாயின்பின் மரக்கறியுமாக நிலம் ஓய்வின்றி உழைக்கும் காலம் வந்தது. யூரியாவின் நிறையில் 46 வீதம் நைதரசன். அதிற் பயிர் உண்டது போக எஞ்சியது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறி, மண் துகள்கள் அதைப் பிடித்து வைக்கமாட்டாமையினால், ஐப்பசி கார்த்திகை மாரியோடு நேரே நிலத்தடி நீரைச் சென்றடைகிறது. தோட்டத்தை மாத்திரம் குறை கூறுவது தருமமன்று. மலகூடக் குழியும் அதே பணியை ஆண்டு முழுவதும் செய்கிறது. இரண்டு பரப்புக் காணி சதுரமாக அமைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் ஏறக்குறைய 74 அடியே. அதற்குள் நமது குழியை நமது கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விலக்கி வைத்தாலும், மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி இருக்கிறது. வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லோ கழிவுநீர் விரைந்தோட வழிவிடுகிறது.

ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருப்பது புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களை உத்தேசித்தே. அச்சிசுக்களின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, மேனியை நீலம் பாரிக்கச் செய்யும். குடாநாட்டுக் கிணறுகளிற் பல இவ்வெல்லையைக் கடந்திருப்பதை 1980-களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துரைத்து வந்திருக்கின்றனர். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விஷயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பெருங்கிளர்ச்சியை எழுப்பியதற்கு, எண்ணெய்க்கு வாடையும் படலமும் இருந்தமை ஒரு முக்கிய காரணம். நைத்திரேற்றுக்காக யாரும் வீதிக்கு வந்ததை நான் அறியேன்.

இனி, கடையில் உள்ள சாதனங்களைப் பார்ப்போம். பீங்கான் வடிகட்டி கலங்கலையும் கிருமிகளையும் தடுக்கும். கரி வடிகட்டி வாடையையும் குளோரினையும் போக்கும். ஊதாக்கடந்த ஒளிக்கருவி கிருமிகளைக் கொல்லும். வன்னீரை மென்னீராக்கும் சாதாரண கருவி கல்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும். இவற்றுள் எதுவும் நைத்திரேற்றைத் தொடுவதில்லை. காய்ச்சினாலோ, நீர் ஆவியாகப் போய் நைத்திரேற்று எஞ்சுவதால், அதன் செறிவு கூடுகிறது. பெரும்பங்கை நீக்கவல்லது ஆர்.ஓ. என்று வழங்கும் யந்திரமே.

அந்த யந்திரத்தை விற்க வருவோர் காட்டும் ஒரு வித்தையைப் பற்றி வாசகர் அறிந்திருத்தல் நலம். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் கிணற்று நீரையும் யந்திர நீரையும் ஊற்றி, மின்சாரம் பாயும் உலோகக் கம்பிகளை அமிழ்த்துவர். கிணற்று நீர் சில நிமிடங்களிற் கபில நிறமாகக் கலங்க, வீட்டுக்காரர் திகைத்து முற்பணம் கொடுத்துவிடுவர். கலங்கியது கிணற்றின் அழுக்கன்று. நீரிற் கரைந்த உப்புக்கள் மின்சாரத்தைக் கடத்துவதால், இரும்புக் கம்பியே அரித்து உதிர்ந்த துரு அது. அவர்கள் பையிலிருந்து எடுக்கும் சிறு மானியும் கரைந்த உப்புக்களின் மொத்தத்தை மதிப்பிடுமேயன்றி, அதில் நைத்திரேற்று எவ்வளவு என்று சொல்லாது.

ஆர்.ஓ. யந்திரத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு லீற்றர் சுத்த நீருக்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாகத் தள்ளும் வீட்டு யந்திரங்களே பெரும்பாலானவை. வற்றாத ஆறொன்றும் இல்லாத, மாரிமழையை மாத்திரம் நம்பிய நமது நிலத்தில், நைத்திரேற்றுச் செறிந்த அக்கழிவு நீர் குழிக்குள் விடப்பட்டு, நாளடைவில் அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. யந்திரம் வந்த வீட்டில் கிணற்றைப் பற்றிய கேள்வியே அற்றுப்போகிறது; குடிக்கும் ஐந்து லீற்றர் சுத்தமானால் போதுமென்று குழிக்கு அடித்தளம் இடாமலும் தோட்டத்து உரத்தைக் குறைக்காமலும் இருந்தால், யந்திரம் வாங்க வசதியற்ற பக்கத்து வீட்டார் நமது அசட்டையைக் குடிக்க நேரிடும். எங்கள் பாட்டன் பூட்டன் இக்கிணற்றைக் குடித்தே நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்போர் உளர்; அவர்கள் குடித்தது யூரியாவுக்கு முந்திய நீர். 2024-இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் நீரை நம்புவோரும் உளர். குழாய் வந்தாலும் கிணறு நம்முடையதே.

ஆகையால், வடிகட்டி வாங்க எண்ணியிருப்போர் முதலிற் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, நைத்திரேற்றையும் கிருமிகளையும் பெயர் சொல்லிக் கேட்டுப் பரிசோதிப்பியுங்கள். மாரி ஓய்ந்த தையில் ஒருமுறையும் கோடை முற்றிய ஆவணியில் ஒருமுறையும் செய்வது உத்தமம். எல்லைக்குட்பட்டிருந்தால் பீங்கான் வடிகட்டியும் கொதிநீருமே போதும், மீறியிருந்தால் ஆர்.ஓ. வாங்கி, அதன் கழிவு நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை புட்டிப்பால் குடிக்குமாயின், முடிவு கைக்கு வரும்வரையில் கிணற்று நீரில், காய்ச்சியாயினும், பால்மாவைக் கரைக்க வேண்டாம்.