விரிதாளில் மீண்டும் மீண்டும் வரும் சொற்கள்

தகவல்களைக் கட்டங்களில் நிரப்பி, வரிசைகளாகவும் நிரல்களாகவும் தொகுக்க உதவும் கணினி அட்டவணை விரிதாள் எனப்படுகிறது. ஊர்ப் பெயர், பொருட்பெயர் போன்ற சொற்கள் இதில் நூற்றுக்கணக்கான முறை திரும்ப வருவதால், அவற்றை விரைந்து நிரப்பும் வழிகளை எக்செல் மென்பொருள் தன்னகத்தே கொண்டுள்ளது.

ஒரு நிரலில் முன்பே பதிவான சொல்லின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் எஞ்சிய பகுதியை மென்பொருளே காட்டுவது தானியங்கு நிறைவு ஆகும். என்டர் விசையை அழுத்தி அதை ஏற்கலாம் என்றாலும், எண்களுக்கும் தேதிகளுக்கும் இவ்வசதி செயல்படுவதில்லை. ஆல்ட் விசையுடன் கீழ்நோக்கு அம்பு விசையை அழுத்தினால், அந்நிரலில் உள்ள சொற்கள் பட்டியலாக விரிகின்றன. கன்ட்ரோல், டி ஆகிய விசைகள் மேற்கட்டத்தில் உள்ளதை அப்படியே கீழே நிரப்புகின்றன. பல கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, சொல்லை ஒருமுறை தட்டி, கன்ட்ரோலுடன் என்டரை அழுத்தினால், அச்சொல் அனைத்துக் கட்டங்களிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறது.

விரைவைவிடச் சீர்மையே இவற்றின் பெரும்பயன். ஓரிடத்தில் 'திருநெல்வேலி' என்றும் மற்றோரிடத்தில் 'நெல்லை' என்றும் பதிவானால், கணினி அவற்றை இரு வேறு ஊர்களாகவே எண்ணிக் கணக்கைப் பிழையாக்கும். எனவே, பலர் சேர்ந்து நிரப்பும் விரிதாளில், குறித்த சொற்களை மட்டுமே ஏற்கும் தரவுச் சரிபார்ப்புப் பட்டியலைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது மிகவும் நன்று.