ஐ.டி.ஐ., டிப்ளமோ, அப்ரண்டிஸ்: கட்டணம் கட்டும் முன் அறிய வேண்டிய சொற்கள்



பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தவுடன் கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். பலவற்றில் படிப்பின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'டெக்னிக்கல் கோர்ஸ்' என்று மட்டுமே இருக்கிறது. எத்தனை ஆண்டு, முடிவில் சான்றிதழ் தருவது யார் என்று கேட்டால் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து, மகனைக் கீழே ஒரு தனியார் நிலையத்தில் ஓராண்டு ஏ.சி. மெக்கானிக் படிக்க வைத்தது. கிடைத்த சான்றிதழில் அந்த நிலையத்தின் முத்திரை மட்டுமே இருந்தது. அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது அதை ஏற்கவில்லை. பையனுக்கு வேலை தெரியும், சான்றிதழ்தான் செல்லவில்லை. இன்னொரு வீட்டுக்கு இந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தச் சொற்களை இங்கே விளக்குகிறோம்.

ஐ.டி.ஐ.

தொழிற்பயிற்சி நிலையம் என்பதையே ஐ.டி.ஐ. என்கிறோம். இதற்கான தேசியத் திட்டம் 1950இல் தொடங்கியது. நமது மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன. இங்கே படிக்கும் தொழிற்பிரிவுக்கு 'டிரேடு' என்று பெயர். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். படிப்பு 2 ஆண்டுகள். வெல்டர் 1 ஆண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், பாடநூல், சீருடை, பஸ் பாஸ் போன்றவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஐ.டி.ஐ.க்கும் இது பொருந்தும்.

என்.சி.வி.டி., எஸ்.சி.வி.டி.

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். என்.சி.வி.டி. என்பது 1956இல் ஏற்பட்ட தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம்; இப்போது அது என்.சி.வி.இ.டி. என்ற அமைப்பில் இணைக்கப்பட்டுள்ளது. அதன் அங்கீகாரம் உள்ள பிரிவில் படித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அது நாடு முழுவதும் செல்லும். எஸ்.சி.வி.டி. என்பது மாநில அளவிலான குழுமம். அதன் சான்றிதழும் முறையானதே. ஆனால் சில வேலை அறிவிப்புகளில் என்.சி.வி.டி. சான்றிதழையே கேட்கிறார்கள்.

இரண்டும் இல்லாமல் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பலகை மட்டும் வைத்திருப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே நிலையத்தில் ஒரு டிரேடுக்கு அங்கீகாரம் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. எனவே நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், பிள்ளை சேரும் டிரேடைச் சொல்லிக் கேளுங்கள்.

டிப்ளமோ

பாலிடெக்னிக் கல்லூரியில் படிக்கும் 3 ஆண்டுப் பட்டயப் படிப்பு இது. உதகையில் அரசு பாலிடெக்னிக் உள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மேற்படிப்பு அடைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அப்ரண்டிஸ்

தமிழில் தொழிற்பழகுநர். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி, தொழிற்சாலையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு வேலை பழகுவது. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வே, அரசுப் போக்குவரத்துக் கழகம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் இந்தச் சான்றிதழ் அடுத்த வேலைக்குப் பெரிய பலம். அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குறுகிய காலப் பயிற்சி

சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடப்பவை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. தையல், கம்ப்யூட்டர், ஹோட்டல் வேலை கற்கப் பயன்படும். இதை ஐ.டி.ஐ.க்குச் சமம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அனுபவத்துக்குச் சான்று

படிக்காமல் வேலையிலேயே கற்றவர்கள் நம்மில் ஏராளம். அவர்களின் திறனைச் சோதித்துச் சான்று தரும் முறைக்கு ஆர்.பி.எல். என்று பெயர், அதாவது முன் கற்றலை ஏற்றுக்கொள்வது. ஒயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயதும் உள்ளவர்களுக்கு, தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. வளைகுடா செல்ல நினைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர் போன்ற சில தொழில்களுக்குச் சவூதி அரேபியா இப்போது திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்கிறது. 'போய்ப் பழகிக்கொள்ளலாம்' என்ற காலம் போய்விட்டது.

கைத்தொழில் குறைவானது என்ற எண்ணமும் நமக்கு வேண்டாம். தாவூது நபி (அலை) இரும்பில் கவசம் செய்தார்கள்; ஜகரிய்யா நபி (அலை) தச்சு வேலை செய்தார்கள்.

எந்த நிலையத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்த டிரேடுக்கு யார் அங்கீகாரம் தந்திருக்கிறார்கள்? இறுதித் தேர்வை நடத்துவது யார்? சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? பதிலைக் கட்டணம் கட்டும் முன் நமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் அமர்ந்து சரிபார்த்துத் தருகிறோம். பெண் பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் தயங்காமல் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்