இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு பழுதா?

மண்டிக்கும் கடைக்கும் அலைகின்ற நமக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. தராசைப் போல, கல்லாப் பெட்டியைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. அது ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அன்றைய கொள்முதலும் வசூலும் நின்றுபோகின்றன. ஆகவே அதன் பழுதுகளை ஓரளவேனும் தெரிந்து வைத்திருப்பது வணிகர்களுக்கு நல்லது.

இக்காலக் கார்களில் பலரையும் குழப்பும் பழுது ஒன்று உண்டு. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும், வழுக்கிச் செல்லும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கும் ஒரே நேரத்தில் எரியும். இரண்டாவது விளக்கு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் எனப்படும் சறுக்கல் தடுப்பு அமைப்புக்கு உரியது. "எஞ்சினும் போயிற்று, பிரேக்கும் போயிற்று" என்று பதறி இரண்டு வேலைக்கும் பணம் கட்டிவிட்டு வருவோர் உண்டு. பல நேரங்களில் பழுது ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே பார்ப்போம்.

ஏன் சேர்ந்து எரிகின்றன?

நனைந்த சாலையிலோ மணலிலோ ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சக்கரம் பிடிப்பில்லாமல் வீணாகச் சுழலும். சக்கரங்களின் அருகே உள்ள வேக சென்சார்கள் இதை ஏ.பி.எஸ். கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டர் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். கூடவே, இழுவையைக் குறைக்கும்படி எஞ்சின் கம்ப்யூட்டரைக் கேட்கும்.

எஞ்சினிலேயே பழுது இருந்தால், கேட்டபடி இழுவை குறையும் என்று நம்ப முடியாது. எனவே பல கார்களில் சறுக்கல் தடுப்பு தன் வேலையை நிறுத்திக்கொண்டு, தன் விளக்கையும் ஏற்றிவிடும். குறிப்பேட்டில் ஒரு பதிவு தவறினால் பேரேடும் உதைக்கும், ஐந்தொகையும் உதைக்கும். அதற்காக மூன்று ஏடுகளையும் மாற்றுவோமா? தவறிய பதிவைத்தானே தேடுவோம்!

டொயோட்டா கார்கள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் சறுக்கல் தடுப்புக் கம்ப்யூட்டரில் 'சி 1201' என்ற குறியீடு பதிவானால், 'எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்பில் பழுது' என்பதே அதன் பொருள். பிரேக்கில் பழுது என்று அது சொல்லவில்லை. எஞ்சின் பக்கம் போய்ப் பார் என்று கைகாட்டுகிறது. அமெரிக்காவில் விற்ற டொயோட்டா கார்கள் சிலவற்றில், பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலே ஆவிக்கசிவு என்று பதிவாகி இரண்டு வகை விளக்கும் எரிவதுண்டு.

குறியீடுகளின் பொருள்

டாஷ்போர்டின் கீழே, ஓட்டுநர் பக்கத்தில் 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்த முறை கட்டாயமானது. நம் நாட்டில் 2010 முதல் படிப்படியாக வந்தது. இதில் ஸ்கேனரைச் செருகினால் குறியீடுகள் தெரியும்.

'பி' என்ற எழுத்தில் தொடங்கி 0301, 2135 என்பன போல வருபவை எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டவை. 'சி' என்று தொடங்குபவை பிரேக், சக்கரம் ஆகியவற்றைச் சேர்ந்தவை. 'யு' என்று தொடங்கினால் கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச்சு அறுந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். குறியீடு பழுதின் இடத்தைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. 'பி 0171' என்றால் பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் குழாயில் வெடிப்பு, அழுக்கேறிய காற்று சென்சார், குறைந்த பெட்ரோல் அழுத்தம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆராயாமல் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினால் பணம் போகும், விளக்கு போகாது.

எந்த வரிசையில் பார்ப்பது?

1. முதலில் விளக்குகளைக் கவனியுங்கள். சறுக்கல் விளக்கு ஈரச் சாலையில் சில நொடிகள் மினுக்கினால் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள், பயமில்லை. நிலையாக எரிந்தால், அதை நிறுத்தும் பட்டனை யாரேனும் தெரியாமல் அழுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். எஞ்சின் விளக்கு மினுக்கினால் மட்டும் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே லாபம்.

2. அடுத்து பேட்டரி. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட்டும் இருக்க வேண்டும். மின்சாரம் குறைந்தால் கம்ப்யூட்டர்கள் தாறுமாறாகப் பதிவு செய்யும். பூத்துப்போன டெர்மினலும் தளர்ந்த எர்த் வயரும் பல விளக்குகளை ஒன்றாக ஏற்றிவிடும்.

3. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் படிக்கச் சொல்லுங்கள். மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே காட்டும், ஏ.பி.எஸ். பக்கத்தைக் காட்டா. அழிப்பதற்கு முன் அனைத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நேரத்தில் வண்டியின் வேகம், எஞ்சின் சுற்று, சூடு ஆகியவையும் பதிவாகியிருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

4. பிறகு, எந்தப் பக்கம் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரியாமல் எஞ்சின் விளக்கும் சறுக்கல் விளக்கும் மட்டும் எரிந்தால் எஞ்சின் பக்கமே முதலில் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்திருந்தால் சக்கர சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். சில கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தை ஏ.பி.எஸ். வழியாகவே பெறுகிறது. அங்கே சக்கரப் பக்கம் தவறினால், வேகம் கிடைக்கவில்லை என்று 'பி 0500' பதிவாகி எஞ்சின் விளக்கு எரியலாம். பிரேக் மிதியில் உள்ள சிறிய சுவிட்சையும் மறக்க வேண்டாம். அது கெட்டாலும் இரு பக்கமும் குழம்பும்.

மாற்று முன் நிரூபிக்க வேண்டும்

'பி 0302' என்றால் இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினானால், இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி நான்காவதில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போட்டு ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு 'பி 0304' ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். தராசில் ஐயம் வந்தால் படிக்கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே முறைதான். செலவு ஏதுமில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஏ.பி.எஸ். யூனிட்டுக்கு ஆர்டர் கொடுப்பவரிடம் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

எந்தக் கம்ப்யூட்டரில் என்ன குறியீடு? எந்தச் சோதனையால் இந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்தது? எஞ்சின் பழுதைச் சரிசெய்த பின்னும் சறுக்கல் குறியீடு திரும்ப வருகிறதா? இம்மூன்றையும் கேட்டு, விடையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அதுவரை ஓட்டலாமா?

இரு விளக்குகளும் நிலையாக எரிந்து, வண்டி இழுவை குறையாமல் ஓடினால், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். சறுக்கல் தடுப்பு இல்லாததால் மழைச் சாலையில் எச்சரிக்கை தேவை. ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால், அவசரமாகப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். பிரேக், ஆயில், சூடு ஆகியவற்றில் எதற்கேனும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓர் அடி கூட ஓட்ட வேண்டாம்.

சரக்கு மூட்டை வந்தால் எடை பார்த்து, பிரித்துப் பார்த்து, பிறகுதான் பணம் கொடுக்கிறோம். கார் பழுதுக்கும் அந்த வழக்கத்தையே கடைப்பிடிப்போம். விளக்கின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், பழுதின் காரணம் தெரிந்த பின் பணம் கொடுப்போம்.