பி.இ. முடித்தவர்களுக்குச் சம்பளத்துடன் ஆராய்ச்சிப் பணி

எலக்ட்ரானிக்ஸ் அல்லது கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த பிள்ளை "ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்றால், "இன்னும் எத்தனை வருஷம் செலவு செய்வது?" என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. தம்பி தங்கைகள் படிக்கும் வீட்டில் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வுத் திட்டப் பணியில் சேர்பவர் கட்டணம் கட்டுவதில்லை, சம்பளம் வாங்குகிறார்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஒரு பேராசிரியருக்கு அரசு நிதியில் ஆய்வுத் திட்டம் கிடைத்தால், அந்த நிதியிலிருந்தே உதவிக்கு ஆள் எடுப்பார். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விதிப்படி, ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ பணிக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பி.இ. பட்டதாரிக்கு இது கிடைக்க 'கேட்' தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அது இல்லாதவர்களையும் ப்ராஜெக்ட் அசோசியேட் போன்ற பணிகளுக்கு எடுக்கிறார்கள், சம்பளம் குறைவு. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், இந்தப் பணிகளை நம் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

என்ன வேலை? சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற கம்ப்யூட்டர் ப்ராசஸரை வடிவமைத்தார்கள். அது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கும் ஏற்ற களம். அங்கேயே 'ஏஐ ஃபார் பாரத்' குழு, தமிழ் உள்ளிட்ட நம் நாட்டு மொழிகளைக் கணினி புரிந்துகொள்ளவும் மொழிபெயர்க்கவும் மெஷின் லேர்னிங் முறையில் பழக்குகிறது.

இவை நிரந்தர வேலைகள் அல்ல. பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் பணியும் முடியும். ஆனால் அங்கே பெறும் அனுபவமும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பிஎச்.டி. சேர்க்கைக்குப் பெரிதும் உதவும்.

அறிவிப்புகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில்தான் வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.சி. அண்ட் எஸ்.ஆர். பிரிவின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அவகாசம் குறைவாகவே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. 'வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு' என்று யாராவது சொன்னால் அது மோசடி.

நேர்முகத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பற்றித் துருவிக் கேட்பார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். சிறியதானாலும் தானே செய்ததுதான் அங்கே நிற்கும்.

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். 2024 முதல் டேட்டா சயன்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். ஓ.பி.சி. பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் சற்றுக் குறைவு. ஆனால் நம் கையிலுள்ள பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அதற்குச் செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய ஓ.பி.சி. பட்டியலிலும் உள்ளவர்கள். கிரீமி லேயரில் வராத குடும்பத்தினர் மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கேட் விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. சான்றிதழ் வேலையை அதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.