கோப்புகளுக்குப் பெயரிடல்: யாருக்காக?

கடந்த ஆண்டு சிட்னியில் நண்பர் ஒருவர் காலமானார். முப்பது வருடங்களாக எழுதியவர். எழுதியதில் பாதியைக்கூட வெளியிடாதவர். அந்தியேட்டி முடிந்தபின் அவருடைய மனைவி ஒரு ஹாட் டிஸ்க்கை மெல்பேணிலிருக்கும் எனக்கு அனுப்பிவைத்தார். "தம்பி, அவர் எழுதினது எல்லாம் இதுக்குள்ளைதான் இருக்கு. எது எதெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்று தொலைபேசியில் சொன்னார்.

பார்த்தேன். 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'கடைசி திருத்தம்', 'வேறு' என்று ஃபோல்டர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒரு நீண்ட கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் இருந்தன. எதை அவர் முடித்த வடிவமாகக் கருதினார் என்பது இன்றுவரை தெரியவில்லை. பின்னர் என்னுடைய கணனியைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது!

இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் நாம். கடிதத்தில் பெயரைத் தவிர்ப்பதும், திகதி போடாமல் விடுவதும், வாசித்ததும் எரிப்பதும் அன்று உயிர்காக்கும் பழக்கங்கள். அப்பழக்கம் எம்முடன் கணனிக்குள்ளும் வந்துவிட்டது. எம்மைக் காப்பாற்றிய அதே பழக்கம் இன்று எமது எழுத்தை அநாதையாக்குகிறது.

முதலில் நான் பொருள்வாரியாகப் பிரிக்க முயன்றேன்: அரசியல், இலக்கியம், குடும்பம். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வீட்டையும் புத்தகங்களையும் விட்டு வெளியேறியது பற்றி அண்ணன் எழுதிய கடிதம் இம்மூன்றில் எதற்குள் அடங்கும்? சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அடிப்படையே ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு என்பதுதான். ஃபோல்டரோ ஒரு முகத்தை மட்டுமே ஏற்கும்.

வழி காட்டியது, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் 'நூலகம்' திட்டம். அங்கு ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் இலக்கம். ஆசிரியர், ஆண்டு, வகை ஆகியன பட்டியலில் இருக்கின்றன. ஆவணம் ஓரிடத்தில் இருக்க, அதைத் தேடிவரும் பாதைகள் பலவாகின்றன.

இதையே வீட்டளவுக்குச் சுருக்கினேன். கையில் அகப்படும் ஒழுங்கிலேயே கோப்புக்கு இலக்கம் கொடுக்கிறேன். எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை. இலக்கத்தின் பின் திகதி, வகை, இடம்: '0147_1995-11-12_கடிதம்_சாவகச்சேரி'. நூறு கோப்புகளுக்கு ஒரு ஃபோல்டர். கூடவே ஓர் அட்டவணை: இலக்கம், திகதி, எழுதியவர், பொருள், எழுத்துரு, யார் பார்க்கலாம்.

திகதியில் ஆண்டு முதலில் வரவேண்டும். நாளை முதலில் எழுதினால், எல்லா மாதங்களினதும் முதலாம் திகதிகளைக் கணனி ஒன்றாகக் குவித்துவிடும். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச நியமம் 1988 இலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கை வகுத்தது. திகதி தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் போதும்.

எழுத்துரு எமக்கேயுரிய தலைவலி. யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே (1991) தமிழ் இருந்தபோதிலும், நாங்கள் நெடுங்காலம் பாமினியில் தட்டச்சுச் செய்தோம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் அரைப்புள்ளி விசை. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே எஞ்சும். கோப்பு பழுதாகிவிட்டதென்று அதை அழித்துவிடாதீர்கள். மூலத்தைத் தொடாமல், யுனிகோட்டுக்கு மாற்றிய பிரதியை '0147அ' என அருகில் வையுங்கள்.

இனிப் பழைய பயம். அதை நான் கேலி செய்யவில்லை. கோப்பின் பெயர் திறக்காமலே தெரியும். ஆகவே அங்கு இன்னும் வாழ்பவர்களின் பெயர்களை அதில் எழுதுவதில்லை. அவை கடவுச்சொல் இட்ட அட்டவணையில் மட்டும் இருக்கின்றன. கடவுச்சொல் மகளிடம் இருக்கிறது. அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தால், நான் போன அன்றே அட்டவணையும் எரிந்ததற்குச் சமம்.

பிரதிகள் பற்றி எமக்கு யாரும் போதிக்கத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடனும் ஓலைச்சுவடிகளுடனும் எரிக்கப்பட்டது. அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம், கையெழுத்துச் சுவடிக்கு? எனது ஹாட் டிஸ்க்கின் பிரதியொன்று சிட்னியில் தங்கை வீட்டில் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, சில கோப்புகளைத் திறந்தும் பார்க்கிறோம்.

நண்பரின் கோப்புகளில் இப்போது 0212 வரை வந்திருக்கிறேன். அக்கட்டுரையின் மூன்று வடிவங்களுக்கும் மூன்று இலக்கங்கள் கொடுத்து, 'இறுதி வடிவம் எதுவெனத் தெரியவில்லை' என்று அட்டவணையில் எழுதினேன். அவர் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

பூட்டி வைத்தவற்றை எப்போது, யாருடைய சம்மதத்துடன் திறப்பது? எழுதியவரினதா, எழுதப்பட்டவரினதா? இதற்கு என்னிடம் முடிந்த பதில் இல்லை. நண்பர்கள் எழுதினால் விவாதிக்கலாம். அதற்கு முன் இன்றிரவு பத்துக் கோப்புகளுக்காவது இலக்கம் போட்டுவிடுங்கள்.